நிழல் வளவில் கார்த்திகைப்பூ: யாழ்ப்பாணத்தில் முதன்முறை நடுபவர்களுக்கு

மாவும் பலாவும் தென்னையும் நிறைந்த வளவென்றால் கீழே குரோட்டனும் மணிபிளான்டும் தவிர வேறொன்றும் வராது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பூ வேண்டுமென்றால் ஒரு மரத்தைத் தறி என்று சொல்ல அயலில் நாலு பேர் இருப்பார்கள். மரத்தைத் தறிக்க வேண்டாம். எங்கள் வேலிகளில் யாரும் வைக்காமலே ஏறிப் பூத்த கார்த்திகைப்பூவை வையுங்கள். நல்ல கிழங்கும் பற்றிக்கொள்ளக் கொப்பும் கிடைத்தால் 3 மீற்றருக்கு மேலும் ஏறும். கோடையில் மண்ணுக்குள் உறங்கிவிடும், அப்போது ஒரு வாளி தண்ணீரும் கேட்காது. அடுத்த மாரிக்குத் திரும்ப வரும்.

எனக்கு இது எதிர்பார்த்ததைவிட நீண்ட வேலையாகிப் போனது. கேட்ட இடமெல்லாம் "அது காட்டுச் செடி, எங்கே போட்டாலும் முளைக்கும்" என்ற ஒரே பதில்தான். எங்கே போட்டாலும் முளைக்காது. எந்த மாதம், வீட்டின் எந்தப் பக்கம், மழைத்தண்ணீர் அடியில் நிற்குமா, இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மற்றதைக் கொடியே பார்த்துக்கொள்ளும். அமையாவிட்டால் நீங்கள் என்ன எரு போட்டும் பயனில்லை.

செங்காந்தள், கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு எல்லாம் இதே செடிதான். தெற்கிலிருந்து விற்பவர்கள் நியங்களா என்பார்கள். தாவரப் பெயர் குளோரியோசா சுப்பர்பா. இந்தப் பூவுக்கு எங்கள் ஊரில் வேறு கனமான அர்த்தங்களும் உண்டு, அவற்றுக்குள் இங்கே போகவில்லை. இது மண்ணும் கிழங்கும் பற்றியது.

1. முதலில் நஞ்சைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கடைசியில் எழுதினால் பாதிப்பேர் படிக்க மாட்டார்கள், அதனால் முதலாவதாக வைக்கிறேன். இந்தச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கும் விதையும் மிகக் கடுமையானவை. உள்ளே இருக்கும் கொல்சிசின் என்ற பொருள்தான் காரணம். கிழங்கு பார்ப்பதற்கு வற்றாளை போலவோ சிறிய வள்ளிக்கிழங்கு போலவோ இருக்கும். ஆபத்து அங்கேதான்.

யாராவது தவறி உட்கொண்டால் வாந்தியும் வயிற்றோட்டமும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதுவரை ஆள் நன்றாகவே இருப்பார். "ஒன்றுமில்லையே" என்று காத்திருக்காதீர்கள். இதற்கென்று மாற்றுமருந்து கிடையாது. எவ்வளவு விரைவாக வைத்தியசாலைக்குப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் கொண்டு போங்கள். உட்கொண்ட கிழங்கின் மிச்சம் இருந்தால் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டுங்கள். புளிக்கரைசல், முட்டை வெள்ளைக்கரு என்று வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்க வேண்டாம்.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: இராசவள்ளி, மரவள்ளி, இஞ்சி, மஞ்சள் வைத்திருக்கும் பாத்திக்குப் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஆடு, மாடு கட்டும் பக்கம் வேண்டாம். தவழும் வயதிலோ கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் வயதிலோ பிள்ளை இருக்கும் வீடென்றால் இந்தக் கொடியை இன்னும் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுங்கள். நித்தியகல்யாணியும் நல்ல பூதான் என்று சொல்ல வந்தேன், ஆனால் அதுவும் நஞ்சு. செவ்வரத்தை வையுங்கள்.

2. இடம்: காலுக்கு நிழல், தலைக்கு வெளிச்சம்

கார்த்திகைப்பூ இருட்டில் பூக்காது. அதற்கு வேண்டியது அடிமண்ணுக்குக் குளிர்ச்சியும் நுனிக்கு வெளிச்சமும். வேலியோரத்தில் அது தானாக நன்றாக வந்தது இதனால்தான். கீழே பற்றை மூடியிருக்கும், மேலே கொப்புகளுக்கிடையே நுனி வெளியே வரும். நிழல் வளவிலும் இதையேதான் தேட வேண்டும்: நிலத்தில் நிழல், ஆனால் 2 மீற்றர் உயரத்தில் ஒரு நாளைக்கு 3, 4 மணி நேரமாவது வெயில் தட்டும் இடம்.

இங்கே பலர் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி முற்பாதி வரை மதியச் சூரியன் எங்கள் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்தக் காலத்தில் வீட்டின் வடக்குச் சுவரில் வெயில் படும். ஆடி மாதம் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு "இந்த வடக்கு மூலை நல்ல வெளிச்சம்" என்று குறித்து வைப்பீர்கள். ஆவணி பாதி கடந்ததும் சூரியன் தெற்கே இறங்கிவிடும். கொடி பூக்க வேண்டிய கார்த்திகை, மார்கழியில் 3 மீற்றர் உயரச் சுவரின் மதிய நிழல் ஒன்றரை முதல் 2 மீற்றர் வரை வடக்கே விழும். நீங்கள் குறித்த அந்த மூலை முழுநாளும் நிழலுக்குள் போய்விடும். கொடி வரும், இலை தழைக்கும், பூ மட்டும் வராது.

ஆகவே வெளிச்சம் பார்க்க வேண்டியது மார்கழியில். அடுத்த ஆண்டுக்குத்தான் நடப்போகிறீர்கள் என்றால் இந்த மார்கழியில் காலை 9 மணிக்கும் மதியமும் பிற்பகல் 3 மணிக்கும் வளவைச் சுற்றி வந்து, வெயில் தட்டும் இடங்களில் ஒரு தடி ஊன்றி வையுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் வீட்டுக்கோ மதிலுக்கோ கிழக்கு அல்லது தெற்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். கிழக்குப் பக்கம் எனக்கு அதிகம் பிடிக்கும். காலை வெயில் கிடைக்கும், பிற்பகல் சூடு சுவரோடு நின்றுவிடும்.

மரங்களில் தென்னையின் கீழ் கிடைப்பது நல்ல நிழல், ஓலைக்கூடாக வெளிச்சம் அசைந்துகொண்டே இருக்கும். முருங்கை அதைவிட நல்லது. மாமரத்தின் கீழ் நேராக வைக்க வேண்டாம், கிளைகள் முடியும் ஓரத்தில் வையுங்கள். பலாவின் அடி மிக இருட்டு. புளியின் கீழ் முயற்சியே வேண்டாம்.

மாமரம் மிக அடர்த்தியாக இருந்தால் காய் முடிந்த பிறகு, ஆடி ஆவணியில், உள்ளே குறுக்கே போகும் கொப்புகளைக் கழித்துவிடலாம். மரத்துக்கும் நல்லது, கழித்த கொப்பு கொடிக்கும் உதவும். கொப்புக் கழிப்பது வேறு, மரம் வெட்டுவது வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க உங்கள் சொந்தக் காணியென்றாலும் முன்அனுமதி வேண்டும். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும் வேலை அது. காணி உறுதிப் பிரதியும் அடையாள அட்டையும் கையோடு கொண்டு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

3. நாட்காட்டி

நடவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வரும். தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு கிழங்கை மண்ணில் வையுங்கள். இங்கிலீசு மாதக் கணக்கில் ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை.

ஏன் அப்போது? முளை மண்ணுக்கு மேலே வர 2 முதல் 4 கிழமை ஆகும். அதன் பிறகு பூக்க ஏறக்குறைய 2 மாதம். புரட்டாதியில் முளைத்தால் ஐப்பசி மழையோடு ஏறும், கார்த்திகையில் பூக்கும். பெருமழை தொடங்கிய பிறகு, ஐப்பசிக் கடைசியில், வைக்கப்படும் கிழங்கு முளைக்கும் முன்பே ஊறி அழுகிவிடும் வாய்ப்பு அதிகம். தப்பினாலும் மாரி முடியும்போதுதான் பூக்கும். வைகாசியில் வைத்தால் சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து முளையைக் கருக்கிவிடும். சித்திரை மழைக்கு ஒன்றிரண்டு கிழங்கு தானாக முளை காட்டுவதுண்டு, அதைத் தடுக்க வேண்டாம், ஊக்கவும் வேண்டாம்.

4. கிழங்கு தேடுவது

கஷ்டம் முழுவதும் இதில்தான்.

கார்த்திகை மாதம் பூத்து நிற்கும் கன்றைச் சாடியோடு வாங்குவதுதான் எல்லோரும் செய்வது. அதுதான் கூடிய விலை கேட்கும் காலம். அதோடு பூவோடு இருக்கும் கன்றை எடுத்து மண்ணில் மாற்றினால் வேர் கலங்கி அந்த ஆண்டோடு சோர்ந்துவிடும். அப்படி வாங்கியே தீர வேண்டுமென்றால் சாடியிலேயே விட்டு, பூ முடிந்து கொடி காய்ந்த பிறகு கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவாக வேண்டுமென்றால் மாசி, பங்குனியில் கேளுங்கள். அப்போது சாடியில் மேலே ஒன்றும் தெரியாது, கடைக்காரருக்கு அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வெறும் மண். திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்து நாற்றுமேடைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்து வைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

கிழங்கில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: முளை. கிழங்கு இரண்டு கையாகப் பிரிந்து கலப்பை போல இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளைக்கும் கண் இருக்கிறது. உருளைக்கிழங்கு மாதிரி உடலெங்கும் கண் கிடையாது. அந்த நுனி முறிந்தால் அந்தக் கை எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. ஒரு கடையில் எனக்குப் பொலித்தீன் பையில் குலுக்கிப் போட்டுத் தந்ததில் பாதி நுனி முறிந்தவை. "மண்ணுக்குள் போனால் சரியாகிவிடும்" என்றார்கள். சரியாகாது.

வாங்கும்போது:

நுனி முழுதாக, வெளிறிய நிறத்தில், அழுத்தினால் உறுதியாக இருக்க வேண்டும். பெருவிரல் தடிப்பும் 50 கிராம் அளவு எடையும் இருந்தால் அந்த ஆண்டே பூக்கும். சுண்டுவிரல் அளவு கிழங்கு முதலாண்டு இலை மட்டுமே தரும், அதைக் குறைந்த விலைக்கு வாங்குவதில் பிழையில்லை. சுருங்கியது பரவாயில்லை, மெத்தென்று அமுங்குவது வேண்டாம். முகநூலில் விற்பவரிடம் வாங்கினால் ஒவ்வொரு நுனியும் தெரியும்படி படம் கேளுங்கள், தும்புக்குள் சுற்றி அட்டைப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொரு ஏமாற்று: இறக்குமதியாகி வந்த அலங்கார வகைகளும் இதே பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றின் இதழ் அகலம், நெளிவு குறைவு, தொடக்கத்திலேயே கடுஞ்சிவப்பு. எங்கள் ஊர்க் கொடியின் இதழ் ஒடுக்கமாக, ஓரம் நெளிநெளியாக இருக்கும். பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து, மேற்பாதி செம்மஞ்சளாகி, கடைசியில் முழுச்சிவப்பாகும். ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் நிற்பதுதான் அழகு. அலங்கார வகை கெட்டது என்று சொல்லவில்லை, ஊர்க் கொடி என்று சொல்லி அதை விற்பதுதான் கெட்டது.

விதை வாங்காதீர்கள். முளைக்கவே மாதக்கணக்கில் இழுக்கும், பூக்க இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

5. கடதாசி வேலையும் பிறத்தியார் காணியும்

தமிழ்நாட்டில் இதை மருந்துத் தேவைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் என்று வந்தபின், "வரும்போது நாலு கிழங்கு கொண்டு வா" என்று உறவுக்காரரிடம் சொல்லும் ஆசை வரும். சொல்ல வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி உயிருள்ள கிழங்கு கொண்டுவர விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அங்கிருந்து தாவர சுகாதாரச் சான்றிதழும் வர வேண்டும், வந்திறங்கியதும் தாவரத் தொற்றுகாப்பு அலுவலரிடம் காட்டவும் வேண்டும். இல்லாவிட்டால் பறிமுதல்தான். நாலு கிழங்குக்கு இந்தப் பாடு தேவையில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் இதுதான், அங்கே உள்ள நாட்டின் விதியைப் பார்க்காமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

காட்டில் தோண்டி எடுக்கலாமே என்பார்கள். வனவள, வனசீவராசிகள் திணைக்களங்களின் காவற்பகுதிகளில் செடி பிடுங்குவது குற்றம். சுண்டிக்குளம் போன்ற இடங்கள் அதற்குள் வரும். முகமாலைப் பக்கம் பற்றைக்காணிக்குள் அலவாங்கோடு இறங்குவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடம் மட்டுமல்ல, பலகை விழுந்துபோன இடமும் ஆபத்துத்தான்.

வேலி விஷயம் சின்னதாகத் தெரியும். எல்லை வேலியில் கொடி தானாக நின்றால் அது யாருடைய வேலி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிழங்குக்காகத் தோண்டப் போய்க் கதியால் ஒன்று சரிந்தால் அது கிழங்குச் சண்டையாக நிற்காது, எல்லைச் சண்டையாகிவிடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால், பெரும்பாலும் அவரே தோண்டித் தருவார்.

6. மண்ணும் மேடும்

இந்தக் கிழங்கைக் கொல்வது நிழலல்ல, தேங்கும் தண்ணீர். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து டிசெம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. கொடி வளர்வதும் அதே மாதங்களில்தான். 2024 நவம்பர் கடைசியில் வெள்ளம் நின்ற வளவுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றாலே கிழங்கு ஊறத் தொடங்கும்.

வலிகாமத்துச் செம்மண் வளவென்றால் அதிகம் கவலையில்லை, தண்ணீர் கீழே இறங்கிவிடும். தென்மராட்சியின் மணற்பாங்கான நிலத்திலும் வடியும், ஆனால் சத்து நிற்காது, எரு கூடுதலாக வேண்டும். கடல்நீரேரிக்குக் கிட்ட உவர் தட்டும் நிலமோ தாழ்வான களிமண்ணோ என்றால் நிலத்தில் வைக்காதீர்கள், சாடியில் வையுங்கள். மற்ற இடங்களில் எல்லாம் மேடு போடுங்கள்: ஒரு அடி உயரம், இரண்டு அடி அகலம், நீளம் உங்கள் விருப்பம். ஓரத்துக்குத் தேங்காய்ப் பொச்சைக் கவிழ்த்து அடுக்கினால் மண் சரியாது, சீமெந்துக் கல் வாங்கத் தேவையில்லை.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. மக்கிய இலைக்குப்பை இருந்தால் இன்னும் நல்லது, மரங்கள் நிறைந்த வளவில் அதற்குப் பஞ்சமிருக்காது. புதுச்சாணி வேண்டாம். ஆட்டெரு சூடு, பழையதாக இருந்தால் கொஞ்சம் போடலாம்.

இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று, அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டுவது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரும் கடினம். ஏற்கெனவே காரத்தன்மை உள்ள மண்ணில் சாம்பலும் சேர்ந்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், செடிக்கு இரும்புச்சத்து எட்டாது. மற்றது, கடற்கரை மணல் அள்ளி வருவது. அதில் உப்பு. வன்பொருள் கடையில் ஒரு பை கட்டட மணல் போதும். உழவு இயந்திரத்தில் மணல் இறக்கப் போகிறீர்கள் என்றால் ஏற்றி வருபவரிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், வழியில் மறித்தால் மணலும் வராது, கொடுத்த முற்பணமும் வராது.

செலவு என்று பார்த்தால் பணம் போவது கிழங்குக்கும், கொப்புக் கழிக்க ஆள் பிடித்தால் அவரின் கூலிக்கும்தான். கூலிதான் பெரியது. எருவும் பொச்சும் குழையும் அயலிலேயே கிடைக்கும். தொடங்குபவர் நாலு நல்ல கிழங்குக்கு மேல் வாங்கத் தேவையில்லை. ஒரு கிழங்குக்கு நல்ல மதியச் சாப்பாட்டுப் பார்சல் ஒன்றின் விலையைத் தாண்டிக் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

7. நடுவது

கிழங்கைப் படுக்க வையுங்கள், நிறுத்தி வைக்க வேண்டாம். செம்மண்ணில் நாலு விரற்கடை ஆழம், மணல் நிலத்தில் இன்னும் ஒரு விரல் கூட. கண் இருக்கும் நுனி, கொடி ஏற வேண்டிய பக்கத்தைப் பார்க்கட்டும். ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளி. மாமர அடியிலிருந்து குறைந்தது 2 மீற்றராவது தள்ளுங்கள், அதன் வேர் எருவையெல்லாம் உறிஞ்சிவிடும்.

இரண்டு கையும் நுனியோடு இருந்தால் இணையும் இடத்தில் மெதுவாகப் பிரித்து இரண்டாக வைக்கலாம். பிரித்த புண்ணை இரண்டு நாள் நிழலில் காயவிட்டு வையுங்கள்.

மண்ணை மூடியதும் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு முளை தெரியும் வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் தெளியுங்கள். ஒவ்வொரு நாளும் ஊற்றுவதால் முளை வேகமாக வராது. நாலு கிழமையாகியும் காணவில்லையென்று தோண்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், அந்தத் தோண்டலில்தான் நுனி முறியும். ஒவ்வொரு கிழங்குக்கும் பக்கத்தில் நடும்போதே ஒரு அடையாளத் தடி ஊன்றுங்கள். கோழி வளர்க்கும் வீடென்றால் மேலே முட்கொப்பு பரப்புங்கள், இல்லாவிட்டால் கிளறிவிடும்.

சாடியென்றால் 12 அங்குலத்துக்குக் குறையாதது, அடியில் ஓட்டை உள்ளது, ஒன்றுக்கு ஒரு கிழங்கு. மழை கடுமையான நாட்களில் தாவாரத்துக்குக் கீழே இழுத்து வைக்கலாம் என்பது சாடியின் பெரிய வசதி. தாவாரத் தண்ணீர் நேரே விழும் இடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

8. ஏறக் கொடுங்கள்

இந்தக் கொடி தண்டால் சுற்றி ஏறுவதில்லை, இலையின் நுனியால் பற்றி ஏறுகிறது. இலை நுனி சுருளாக நீண்டு, மெல்லிய எதையாவது பிடிக்கும். ஈர்க்கு, மெல்லிய கொப்பு, கயிறு பிடிக்கும். சீமெந்துத் தூணையோ மதிலையோ தடித்த கதியாலையோ பிடிக்க முடியாது. மதிலோரம் வைத்துவிட்டு "ஏறவில்லை, படுத்துக் கிடக்கிறது" என்று சொல்பவர்கள் பலர்.

கிளுவை வேலி இருந்தால் உங்களுக்கு வேலையே இல்லை, அதன் சிறு கொப்பும் முள்ளும் போதும். இல்லாதவர்கள் கழித்த மாங்கொப்பை சிறு கிளைகளோடு ஊன்றலாம். மதிலென்றால் ஒரு சாண் தள்ளி இரண்டு தடி நட்டு இடையே தும்புக்கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் பழைய நைலோன் வலைத்துண்டு கேட்டு வாங்கலாம், நன்றாகப் பிடித்து ஏறும். தங்கூசி வலை வேண்டாம், அணிலும் ஓணானும் சிக்கிச் சாகும். தகர வேலியில் நேரடியாகச் சாய்க்க வேண்டாம், வெயில் நாளில் இலை பொசுங்கும்.

முளை ஒரு அடி வரும் முன் இதெல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும். தண்டு எளிதில் முறியும். ஏறிக்கொண்டிருக்கும் கொடியின் நடுவே தடி ஊன்றப் போனால் அந்த ஆண்டுப் பூ போச்சு.

9. மாரியில்

மழை பெய்யும்போது தண்ணீரும் ஊற்ற வேண்டாம், எருவும் போட வேண்டாம். முளைத்து ஒரு மாதத்தில் ஒரு பிடி பழைய எரு அடியில் போட்டால் போதும். யூரியா போட்டால் இலைதான் வரும்.

பார்க்க வேண்டியது புழு. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் புள்ளியுமாக ஒரு புழு கூட்டமாக வந்து இரண்டு நாளில் கொடியை மொட்டையாக்கும். இந்தச் செடியின் நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, கையுறையோடு பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். நாலைந்து கொடிக்கு மருந்தடிப்பது வீண். அதிகமாகிவிட்டால் வேப்பெண்ணெயைச் சவர்க்காரத்தோடு கலந்து மாலையில் தெளியுங்கள். நத்தை இளமுளையைக் கடிக்கும், இரவில் ரோச் லைற்றோடு ஒரு சுற்று வந்தால் போதும்.

இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து பரவினால் அந்த இலைகளைக் கிள்ளி எரியுங்கள், குப்பையில் போடாதீர்கள். அடித்தண்டு மெத்தென்று ஆகி வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அந்தக் கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், பக்கத்துக் கிழங்குகளாவது தப்பும்.

ஒரு பூ ஒரு கிழமைக்குக் கிட்ட நிற்கும். பறித்துத் தண்ணீரில் வைத்தாலும் தாங்கும், ஆனால் இலையோடு நீளத் தண்டாக வெட்டாதீர்கள். அடுத்த ஆண்டுக் கிழங்கு இந்த இலைகளின் உழைப்பில்தான் கொழுக்கிறது.

10. பூ முடிந்த பிறகு

தை மாதம் கொடி மஞ்சளாகத் தொடங்கும். செத்துவிட்டது என்று பலர் இங்கேதான் பிடுங்கி எறிகிறார்கள். தானாகக் காய விடுங்கள். பொங்கலுக்கு வளவு துப்புரவாக்க ஆள் வந்தால் அந்த மூலையைத் தொட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். முற்றாகக் காய்ந்தபின் மேலே உள்ளதை வெட்டி எடுங்கள், காய் இருந்தால் சிவந்த விதை சிதறும் முன்பே எடுத்துவிடுங்கள். அந்த நிறம் பிள்ளைகளை இழுக்கும்.

மண் நன்றாக வடியும் இடமென்றால் கிழங்கை அப்படியே விடலாம். கோடையில் அந்தப் பக்கம் தண்ணீர் பாயக்கூடாது. கிணற்றடி வாய்க்கால் அதன் வழியாகப் போனால் திருப்பிவிடுங்கள். அடையாளத் தடி இப்போதுதான் உதவும், மேலே ஒன்றும் தெரியாத அந்த மாதங்களில் மண்வெட்டி போடுபவருக்கு அது இல்லாமல் ஒன்றும் விளங்காது.

எடுத்து வைக்க விரும்பினால் மாசியில், கொடி நின்ற இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி மண்ணைத் தளர்த்தி, கையால் துழாவி எடுங்கள். பழைய கிழங்கு சுருங்கிப் போயிருக்கும், அதற்குப் பதில் புதிதாக இரண்டு கையுள்ள கிழங்கு உருவாகியிருக்கும். கழுவ வேண்டாம். மண்ணைத் தட்டி, நிழலில் சில நாள் உலர்த்தி, காய்ந்த மணல் போட்ட மண்சட்டியில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். சட்டியைக் குசினியிலோ வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்கும் இடத்திலோ எக்காரணத்தாலும் வைக்காதீர்கள். மேலே "நஞ்சுக் கிழங்கு" என்று பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். யாருக்காவது கிழங்கு கொடுத்தாலும் அதே எழுத்தைப் பையின் மேலும் எழுதிக் கொடுங்கள், வாங்கிப் போகிறவர் வீட்டில் பையைத் திறப்பது வேறொருவராக இருக்கலாம்.